ஆடி முடித்த செஸ் ஆட்டத்தை இன்ஜினில் (மூவ்களை அலசிச் சொல்லும் கணினி நிரலில்) போட்டுப் பார்ப்பவர்கள், உங்கள் அனுபவம் எப்படி?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரேபிட் ரேட்டிங் ஒன்றரை வருடமாக 1400-ஐ விட்டு நகரவில்லை. தோற்ற சூட்டோடு ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினைத் தட்டுவேன், பெரிய தப்பு என்று இரண்டு கேள்விக்குறி விழுந்த மூவ்களை மட்டும் பார்ப்பேன், "சே, இது தெரிந்ததுதானே" என்று முனகிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவேன். ஆட்டத்துக்கு நாற்பது விநாடி. இதைத்தான் அனாலிசிஸ் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தி வந்தது ஒரு சிப்பாய் எண்ட்கேமில், அதாவது ராஜாக்களும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில். நான் கறுப்பு. எதிராளிக்கு இ5-இல் ராஜா, இ6-இல் சிப்பாய். எனக்கு இ7-இல் ராஜா மட்டும், மூவ் என்னுடையது. டி8-க்குப் போனேன், அவர் டி6-க்கு வந்து நின்றார், முடிந்தது கதை. இ8-க்குப் போயிருந்தால் 0.00, அதாவது டிரா, என்றது இன்ஜின். சரி என்று மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே நிலை, சிப்பாய் மட்டும் சி வரிசையில், மறுபடியும் தோற்றேன்! விடை தெரியும், காரணம் தெரியாது, அதுதான் கோளாறு.

அன்று ராத்திரி மரப் பலகையை எடுத்து வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடினேன். சிப்பாய்க்கு நேர் பின்வாங்கி இ8-இல் நின்றால், அவர் டி6 வந்தால் நான் டி8, எஃப்6 வந்தால் நான் எஃப்8. இரண்டு ராஜாவும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர், மூவ் அவருடையது. சிப்பாயைத் தள்ளினால் முன்னால் போய் மறித்துக்கொள்வேன், அதைக் காக்க அவர் ராஜா இ6-க்கு வந்தால் எனக்கு நகர இடமே இல்லை, ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. டி8-க்கு அவசரப்பட்டுப் போனால் மூவ் யாருடையது என்பது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அரை மணி நேரம் பிடித்தது, அதற்கப்புறம் இந்த நிலையில் நான் தோற்கவில்லை.

அதிலிருந்து ஆட்டம் முடிந்ததும் இன்ஜினைத் திறப்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த இடத்தில் என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று எழுதுகிறேன். மறுநாள்தான் ஸ்டாக்ஃபிஷ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பல ஆட்டங்களில் நான் சொதப்பியது ஒரு காயை ஜெயித்த அடுத்த மூன்று நான்கு மூவ்களுக்குள். ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பு, வேறென்ன.

இன்னொன்று, இன்ஜின் சொன்ன மூவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நாம் ஆட நினைத்ததைப் போட்டுப் பாருங்கள், அது எப்படித் தண்டிக்கிறது என்று தெரியும். டூ நைட்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் நான் கறுப்பு; வெள்ளை தன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து டி5-இல் சிப்பாயை வெட்டும்போது, என் குதிரையை ஏ5-க்கு நகர்த்தச் சொல்கிறது இன்ஜின். ஒரு சிப்பாய் போகிறது, குதிரையும் பலகையின் ஓரத்தில், இது என்ன கூத்து? நான் இன்னொரு குதிரையால் டி5-இல் வெட்டிப் பார்த்தேன். இன்ஜின் எஃப்7-இல் தன் குதிரையைப் பலி கொடுத்தது, நான் ராஜாவால் வெட்டினேன், ராணி எஃப்3-க்கு வந்து செக், டி5 குதிரையைக் காப்பாற்ற என் ராஜாவே இ6-க்கு நடந்து நடுத்தெருவில் நின்றது. ஏ5 ஏன் என்று வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த எண்கள். 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷின் +1.00 ஒரு சிப்பாய்க் கணக்கு இல்லை, இன்ஜினும் இன்ஜினும் ஆடினால் அந்த இடத்திலிருந்து ஜெயிக்கப் பாதி வாய்ப்பு என்ற கணக்கு. நம் ரேட்டிங்கில் 0.3 வித்தியாசத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வது வீண். துல்லியம் 94 சதவீதம் என்று காட்டுவதையும் நம்பாதீர்கள், எதிராளி ஆறாவது மூவிலேயே ராணியைக் கொடுத்தால் யாருக்கும் 94 வரும்.

* * *

அண்ணா, அந்த 0.00 விஷயத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான குகேஷ், டிங் லிரன் போட்டியின் பதினாலாவது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் திரையின் ஓரத்தில் இன்ஜின் கணக்கைக் காட்டும் பட்டை டிரா என்றே நின்றது. இனி சமனை முறிக்கும் டைபிரேக் ஆட்டங்கள்தான் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் 55-வது மூவில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்திருக்கிறார். யானைகள் வெட்டுப்பட்டு, பிஷப்பையும் குகேஷ் கட்டாயமாக மாற்ற வைத்து, மிச்சமிருந்தது தோற்கும் சிப்பாய் எண்ட்கேம். பாலும் பொங்கி வழிந்திருந்தது. பட்டையைப் பார்க்காமல் பலகையைப் பார்த்திருந்தால், டிங் எவ்வளவு நேரமாக நெருக்கடியில் இருந்தார் என்றாவது புரிந்திருக்கும்.

* * *

நான் ஆடுபவன் இல்லை, ஆடுகிற பெண்ணுக்கு அப்பா. அவளுக்குப் பதினொன்று. போன வருடம் வரை அவள் மூவ்களை எழுதிவரும் ஸ்கோர் ஷீட்டை வாங்கி, மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டே போனில் போட்டுப் பார்ப்பேன். போன் சுடும், நானும் சூடாவேன். "இருபத்திரண்டாவது மூவில் ஏன் இப்படி வைத்தாய்?" என்பேன். கொஞ்ச நாளில் அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள், ஸ்கோர் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். பயிற்சியாளர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குகேஷை அவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா 2500 ரேட்டிங் வரும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை சார், நீங்கள் 1200-க்கு இவ்வளவு அவசரப்படுகிறீர்களே என்றார். வெட்கமாகிவிட்டது.

இப்போது அவள் பலகையில் வைத்து என்ன பார்த்தாள் என்று சொல்லுவாள், நான் கேட்பேன், கடைசியில் அவளே இன்ஜினைத் திறப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த ஆட்டத்தில் ஓரிடத்தில் இன்ஜின் கேள்விக்குறி போட்டது, குதிரையை வெட்டியிருந்தால் டிரா கைக்குள் என்று. பழக்க தோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "தெரியும்பா, அது டிராதான். ஆனா அந்த அக்காவுக்கு ரெண்டு நிமிஷம்தான் பாக்கி இருந்துச்சு."