மறு: ரியாக்டிவ் நைட்ரஜன் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நைட்ரஜனா, நைட்ரசனா, நைதரசனா என்ற பழைய சண்டைக்குள் நான் வரவில்லை. அது என் காலத்தில் தீராது. தலைப்பில் உள்ள சொல்லுக்கு மட்டும் வருகிறேன்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இரண்டிரண்டு அணுக்களாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. அந்த வடிவத்தை நீக்கிவிட்டால் மிச்சமுள்ள அம்மோனியா, யூரியா, நைட்ரேட், நைட்ரைட், வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள், நைட்ரஸ் ஆக்சைடு எல்லாவற்றுக்குமான பொதுப்பெயரைத்தான் நம் சொற்பட்டியலுக்காகத் தேடுகிறோம்.

> உழவர்களிடம் தழைச்சத்து என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் எனக்கும் பிடித்தவையே. ஆனால் லாரிப் புகையில் வருவதைத் தழைச்சத்து என்பதா? "இந்தக் கிணற்றில் தழைச்சத்து மிகுதி" என்று பலகை வைத்தால் சனங்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள்.

> வினைமிகு நைட்ரஜன்

பலரும் இதை ஆதரித்திருக்கிறீர்கள். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு இந்தப் பெயருக்குள் அடங்காது. நாம் மூச்சுவிடும் கீழ்க்காற்றில் அது அநேகமாக எதோடும் வினைபுரிவதில்லை. நூறாண்டுக்கு மேல் அப்படியே திரிந்து, அடுக்கு மண்டலத்துக்குப் போய்த்தான் சிதைகிறது, அங்கே ஓசோனை அரிக்கிறது. இடைப்பட்ட காலத்தில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதையும் ரியாக்டிவ் என்று அழைப்பது ஆங்கிலத்திலேயே உள்ள கோணல். அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

> பாடநூல் வழியில் 'நிலைநிறுத்திய நைட்ரஜன்' என்றால் போதுமே?

எனக்கு உறுத்துவதே இதுதான். காற்றின் நைட்ரஜனை அம்மோனியா போன்ற சேர்மமாக மாற்றுவதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைநிறுத்தம், இலங்கைப் பாடநூலில் பதித்தல். இரண்டுமே ஓரிடத்தில் ஊன்றி வைத்துவிட்டதாகத் தோன்றவைக்கின்றன. நடப்பது நேரெதிர். காற்றில் சும்மா கிடந்தது, நிலைநிறுத்திய பிறகுதான் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறது. ஜெர்மன் வேதியியலர் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா எடுத்தார். போஷ் அதை ஆலைக்குக் கொண்டுபோக, 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அன்றிலிருந்து நாம் அவிழ்த்துவிட்ட அணு ஒவ்வொன்றும் ஊர்சுற்றி. வயலில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றேறும், அங்கே நுண்துகளாகி நுரையீரலுக்குள் போகும், இல்லையென்றால் மழையோடு எங்கோ ஒரு குளத்தில் இறங்கிப் பாசியை வளர்க்கும். இன்னொரு பங்கு நைட்ரேட்டாகி நிலத்தடிக்குப் போகும். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் நிலம், தோட்டத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம், மலசலகூடக் குழி, எல்லாம் ஒரே நிலத்தடி நீரில் கலக்கின்றன. பல கிணறுகளில் நைட்ரேட் உலக நலவாழ்வு அமைப்பின் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இதையா நிலைநிறுத்தியது என்பது?

ஆகவே என் பரிந்துரை அவிழ்நைட்ரஜன். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. கட்டு அவிழ்ந்தது, அவிழ்கிறது, அவிழும். நிலைநிறுத்தத்தையும் நைட்ரஜன் அவிழ்ப்பு என்று மாற்றிவிட்டால் செயலும் விளைவும் ஒரே வேரில் நிற்கும்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பு தெரிந்ததுதான். நைட்ரஸ் ஆக்சைடில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் இன்னும் கைகோத்துத்தானே இருக்கின்றன என்று வேதியியல் அன்பர்கள் கேட்பார்கள். உண்மை. ஆனால் வயல் மண்ணில் அது பெரும்பாலும் நைட்ரேட் போன்றவற்றிலிருந்துதான் பிறக்கிறது. ஒருமுறை அவிழ்ந்த அணுக்களை நுண்ணுயிர்கள் மறுபடி கட்ட முயன்று, முக்கால்வாசியில் விட்டது. வினைமிகு என்பதைவிட இது எவ்வளவோ மேல். தவிர, அவிழ் என்றால் வெந்த சோற்றுப் பருக்கை என்றும் பொருள். உலகில் பாதிப்பேர் உண்பது ஹேபர் வழி உரத்தில் விளைந்தது என்ற மதிப்பீட்டை நினைத்தால், சிலேடை தானாக அமைந்திருக்கிறது. தமிழாசிரியர்கள் மன்னிப்பார்கள்.

> நைட்ரேட், நைட்ரைட் இரண்டையும் ஒரே பதிவாகப் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. ஓரெழுத்து வேறுபாடுதான், ஆனால் உடம்புக்குள் கதையே வேறு. குடித்த நைட்ரேட்டில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். அதிலொரு பங்கை வாயிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கும். அதுதான் ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்வது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைச் சரிசெய்யும் நொதி போதாது, உடல் நீலம் பாரிக்கும். கிணற்றுநீரில் பால்மா கலக்கிக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு 1945இல் அயோவா மருத்துவர் ஹன்டர் காம்லி எழுதினார். தனித்தனிப் பதிவாகவே இருக்கட்டும். மூன்று ஆக்சிஜன் உள்ளது நைட்ரேட், இரண்டு உள்ளது நைட்ரைட் என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவோம்.

அப்புறம் அலகு. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அமெரிக்க வரம்பு 10. பார்த்தால் அவர்கள் நாலு மடங்கு கண்டிப்பு போலத் தோன்றும். இல்லை, நாம் நைட்ரேட் முழுவதையும் எடைபோடுகிறோம், அவர்கள் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். 10ஐ 4.43ஆல் பெருக்கினால் 44 சொச்சம் வந்துவிடும். 'நைட்ரேட்டாக', 'நைட்ரஜனாக' என்ற இரண்டு ஒட்டுகளையும் சொற்பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன். அவிழ்நைட்ரஜனுக்கு மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள், தனிமடல் வேண்டாம்.