ஹார்டுவேர் வேலையில் ரிவ்யூ பண்ண ஆளே இல்லை. விடலாமா, பாண்ட் முடியட்டுமா?

புதுபோர்டு:
கோவையில் சின்ன நிறுவனம், சீலிங் ஃபேனுக்கான பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) கன்ட்ரோல் போர்டு. ஈசிஇ முடித்ததும் சேர்ந்தேன், ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் படம்), லேஅவுட், பிஓஎம் (பாகங்களின் பட்டியல்), டெஸ்டிங் எல்லாமே நான் ஒருத்தன்தான். எனக்கு மேலே இருப்பவர் பர்ச்சேஸ் பார்ப்பவர். போர்டு செய்து தரும் ஃபேபுக்கு கெர்பர் ஃபைல் யார் கண்ணிலும் படாமல் போகிறது. போர்டு ஓடாவிட்டால் ஏன் என்று சொல்ல ஆளில்லை. 2 வருஷ பாண்ட், இடையில் விட்டால் 1.5 லட்சம். என்ன செய்யலாம்?

ஷன்ட்ரெசிஸ்டர்:
சீனியர் இல்லை என்பது மட்டும் காரணமாகாது. செய்த தப்பு உங்களுக்குத் தெரியவருகிறதா, அதைப் பாருங்கள். 24 வோல்ட் சப்ளை லைனில் 25 வோல்ட் எக்ஸ்5ஆர் செராமிக் கபாசிட்டரை 0805 சைஸில் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். டிசி பயாஸில், அதாவது மேலே நிற்கும் டிசி வோல்ட்டேஜால், கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடலாம். மேஜையில் ஓடும், க்யூசி பாஸாகும், கோடையில் ஃபீல்டிலிருந்து திரும்பி வரும். அனுபவசாலி ஸ்கீமாட்டிக்கைப் பார்த்ததுமே பிடித்துவிடுகிற விஷயம் இது. கரன்ட்டை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டருக்கு, அதன் இரு முனையிலிருந்தும் தனித் தடம் எடுக்கும் கெல்வின் கனெக்‌ஷன் கொடுக்காமல் பவர் கிரவுண்டிலிருந்து சென்ஸ் எடுப்பதும் அப்படித்தான்: கரன்ட் ரீடிங் தப்பாக வரும், பழி ஃபர்ம்வேர் மேல் விழும்.

ஆக, ரிட்டர்ன் போர்டு உங்கள் மேஜைக்கு வருகிறதா? இல்லை, சர்வீஸில் மாஸ்ஃபெட்டை (மோட்டாரை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டர்) மாற்றி அனுப்பிவிடுகிறார்களா? வந்தால் அதுவே பாதி வாத்தியார். எந்த பாகம் போனது, எந்த பேட்ச், எந்த ஊர் என்று ஷீட் போடுங்கள். ஐசி கம்பெனியின் அப்ளிகேஷன் இன்ஜினியரிடம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்கீமாட்டிக் ரிவ்யூ கேளுங்கள். ஆர்டர் அளவு ஓரளவு இருந்தால் காசில்லாமலே பார்த்துத் தருவார்கள். நிறுவனத்தின் அனுமதியோடு கேளுங்கள். பொது இடத்தில் ஃபைலைப் போடாதீர்கள்.

ஐசொலேஷன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இது 5 வோல்ட் சென்சார் போர்டு இல்லையே. 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் அதைத் தேக்கி வைக்கும் பல்க் கபாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். அந்தப் பக்கத்து கிரவுண்டில் ஆசிலோஸ்கோப் புரோபின் எர்த் கிளிப்பை மாட்டினால் நேரே ஷார்ட். அதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னையே வெட்டிவிடுகிற லேப்கள் உண்டு. அப்புறம் ஸ்கோப்பின் உலோகப் பாகமே லைவ், தொட்டவர் கதி அதோகதி. சில ஃபேன் போர்டுகளில் மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷனே கிடையாது, 24 வோல்ட் கிரவுண்டும் ஹாட்தான், அதாவது மெயின்ஸோடு சேர்ந்ததுதான்.

போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், இல்லையென்றால் டிஃபரன்ஷியல் புரோப். முதல் பவர் ஆனுக்கு சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு. கை வைக்கும் முன் பல்க் கபாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் பார்க்க வேண்டும். இவற்றை ஈமெயிலில் கேளுங்கள். வாங்கித் தர மறுத்தால் பாண்ட் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள்.

ஸ்டாம்ப்பேப்பர்:
"பாண்ட் செல்லாது, தைரியமாகப் போ" என்று நிறைய பேர் சொல்வார்கள். அரைகுறை அறிவுரை அது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைத்தான் செல்லாததாக்குகிறது. குறிப்பிட்ட காலம் வேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்ற நிபந்தனை வேறு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், 3 வருஷம் முடிக்காமல் விலகுபவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொதுத்துறையில் ஆளெடுப்பது செலவு பிடிக்கிற வேலை என்பதை அங்கே கணக்கில் எடுத்தார்கள். உங்கள் இடத்தில் பயிற்சியே தரவில்லை என்றால் பேச இடமுண்டு. 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

நடைமுறையில் கோர்ட்டைவிட, வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர்தான் நிறுவனத்தின் பிடி. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஈமெயிலில் ராஜினாமா, நோட்டீஸ் முழுதும் வேலை, ஃபைல் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை. பிஎஃப்பை எடுக்காமல் அதே யூஏஎன்னில் (பிஎஃப் கணக்கு எண்) புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள், 5 வருஷத்துக்குள் எடுத்தால் வரி உண்டு.

ரெவ்_பி:
போகிற இடமும் இதேபோல் இருந்துவிடக் கூடாதே. பெரிய பெயரைப் பார்த்துப் போய் பிஓஎம்மில் மாற்றுப் பார்ட் நம்பர் தேடியே வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டர்வியூவில் "மென்டார்ஷிப் உண்டா" என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். "கடைசி போர்டில் ரெவ் ஏ-வில் (முதல் வெர்ஷனில்) என்ன தப்பு வந்தது, யார் கண்டுபிடித்தார்?" என்று கேளுங்கள். ரிவ்யூ நடக்கிற இடமென்றால் உடனே ஒரு கதை வரும். லேபைக் காட்டச் சொல்லுங்கள். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு மின்சேமிப்பைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம், பிஎல்டிசி ஃபேனுக்கு மின்சாரம் குறைவு, அதனால் உங்கள் அனுபவத்தைக் கேட்க ஆளிருக்கும்.

புதுபோர்டு:
நன்றி. ரிட்டர்ன் போர்டு சர்வீஸோடு நின்றுவிடுகிறது. டிஃபரன்ஷியல் புரோப் இல்லை, இன்றே ஈமெயில் போடுகிறேன். பாண்டில் பயிற்சி என்ற சொல்லே இல்லை. நோட்டீஸ் 2 மாதம்.

ஸ்டாம்ப்பேப்பர்:
அப்படியென்றால் தேட ஆரம்பியுங்கள் தம்பி. கையில் ஆஃபர் லெட்டர் வந்த பிறகு ராஜினாமா. பாண்ட் தொகையில் ஒரு பங்கைப் புது நிறுவனம் ஏற்குமா என்று சம்பளம் பேசும்போதே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது.