அரசுக் கப்பல் கம்பெனி மூழ்கினால் மாலுமிக்கு யார் பொறுப்பு?

எல்லோருக்கும் வணக்கம். கடல்சார் சட்டமோ கம்பெனிச் சட்டமோ தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

அயர்லாந்து அரசுக்குச் சொந்தமான ஐரிஷ் ஷிப்பிங் நிறுவனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1941-இல், போர்க்காலத்தில் அந்நாட்டுக்குத் தானியமும் சரக்கும் கொண்டுவரத் தொடங்கிய நிறுவனம் அது. 1942-இல் 'ஐரிஷ் பைன்' கப்பல் தாக்கப்பட்டு அதிலிருந்த 33 பேரும் இறந்தார்கள். அதே நிறுவனத்தைத்தான் 1984 நவம்பரில் அரசு கைகழுவி, கலைக்க விட்டுவிட்டது. நீண்டகால ஒப்பந்தத்தில் அதிக வாடகைக்குக் கப்பல்கள் எடுத்ததும், சரக்குக் கட்டணம் சரிந்ததும் சேர்ந்து கடன் கழுத்தை நெரித்துவிட்டது.

என்னை உறுத்துவது 'ஐரிஷ் ஸ்ப்ரூஸ்' கப்பல். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் அதைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் இறங்க மறுத்து, கிறிஸ்துமஸையும் கப்பலிலேயே கழித்து, மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். முதலாளி அரசாங்கம், ஆனால் பணிநீக்கத்துக்குக் கிடைத்ததோ சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகைதான்! எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

பங்குதாரரின் பொறுப்பு பங்கு மதிப்போடு முடிந்துவிடும் என்பது புரிகிறது. ஆனால் எல்லாப் பங்கும் அரசிடம், இயக்குநர்களை நியமிப்பதும் அமைச்சர் என்றால், கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்ற சட்டத் திரையை விலக்கி அரசையே பொறுப்பாக்க வழி உண்டா? சம்பள பாக்கிக்கு மாலுமிகளுக்குக் கப்பல்மீதே உள்ள உரிமை, கப்பலை அடமானம் பிடித்த வங்கிக்கு முன்னால் வருமா? இதற்கு ஏதாவது தீர்ப்பு தெரிந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், தேடிப் படித்துக்கொள்கிறேன். அரசுக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களும் சொல்லலாம்.