நிலம் பற்றிய கூட்டு ஆய்வு பெலோஷிப்: திருகோணமலையிலிருந்து மூவர் விண்ணப்பிக்கிறோம், வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

உப்பாறு கேட்டது:

மானிடப் பண்பியல் துறைகள் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வுக்கான பெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறோம். கருப்பொருள் நிலம், காலம் 12 மாதம். ஒருவர் வரலாறு, ஒருவர் புவியியல், ஒருவர் தமிழும் நாட்டார் வழக்காறும். தலைப்பு ‘திருகோணமலை மாவட்டத்தில் நிலமும் நினைவும்’. ஆவணம், வரைபடம், வாய்மொழி என ஆளுக்கு ஓர் அத்தியாயம் பிரித்திருக்கிறோம்.

இது கூட்டு ஆய்வு என்று ஏற்கப்படுமா? எந்த ஆவணத்தை எங்கே தேடுவது? செலவுத் திட்டத்தில் எதைத் தவறவிடுவார்கள்?

வட்டவிதானை:

ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் அது மூன்று கட்டுரையை ஓர் அட்டைக்குள் தைப்பது. மூவரில் ஒருவரை எடுத்துவிட்டாலும் கேள்வி நிற்கிறதா என்று நீங்களே சோதியுங்கள். நின்றால் தெரிவுக்குழு வேறு விண்ணப்பத்துக்குப் போய்விடும். ‘நிலமும் நினைவும்’ கேள்வி இல்லை, விழா மலருக்கு வைக்கும் பெயர்.

உதாரணமாக, பெர்மிட் காணியும் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) சீதனமும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், குடியேற்றக் காணி துண்டு துண்டாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. அதனால் பின்னுரித்தாளரை (தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை)ப் பெயர் குறிக்காமல் விட்ட காணிக்கு மூன்றாம் அட்டவணை ஒரு வரிசை வைத்தது; அதில் மகளுக்கு முன் மகன். கிழக்கிலோ தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணத்தோடு வீடுவளவை மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலானது. கடதாசியில் மகன், வளவில் மகள். ஆண்களுக்கான முன்னுரிமையை 2022 திருத்தம் நீக்கியது. அதற்கு முன் நடந்த கைமாற்றங்கள் பேரேட்டில் அப்படியேதான் கிடக்கின்றன.

இந்தக் கேள்விக்கு மூவரும் வேண்டும். சட்டம் ஏன் அப்படி வந்தது என்பதை வரலாற்றுக்காரர் பார்க்க வேண்டும். அளந்து கொடுத்த துண்டுக்குள் இன்று எத்தனை வேலி என்று புவியியல்காரர் பார்க்க வேண்டும். ‘எழுதினது’, ‘கொடுத்தது’, ‘வாயால சொன்னது’ என்று சனம் பேசும்போது ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் வேறு வேறு பலன். அதைப் பிரித்துக் கேட்க மொழி தெரிந்தவர் வேண்டும்.

களத்தையும் சுருக்குங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அல்லைக் குடியேற்றத் திட்டத்திலோ கந்தளாயிலோ இரண்டு கிராம உத்தியோகத்தர் பிரிவு எடுத்தாலே 12 மாதம் போதாமல் இழுக்கும்.

பழைய தோம்பு:

ஆவணப் பக்கம் நான் சொல்கிறேன். பலர் நேரே காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பெர்மிட்டைத் தேடுவார்கள். அது பிரதேச செயலகக் காணிக் கிளைப் பேரேட்டில் இருக்கும். அளிப்புப் பத்திரமாக (அரசு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) மாறிய பிறகுதான் பதிவகத்துக்கு வரும். தனியார் உறுதிகள் (காணிப் பத்திரங்கள்) பதிவகத்தில், ஆனால் அங்கே ஏடு காணிக்குத்தான், ஆளுக்கு இல்லை. உரிமையாளர் பெயரை மட்டும் கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். பழைய உறுதி ஒன்றில் உள்ள தொகுதி இலக்கம், பக்க இலக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். ஒரே காணி தொடர்புக் குறிப்பில்லாமல் இரண்டு பக்கத்தில் பதியப்பட்டிருப்பதும் உண்டு, எல்லைகளை ஒப்பிட்டே முடிவெடுங்கள்.

உறுதிக்குத் ‘தோம்பு எடுப்பது’ என்று பேச்சில் சொல்வது இந்தப் பதிவேட்டைத்தான். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பு வேறு. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பினால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிடுவார்.

பேரேட்டை அப்படியே கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அது நியாயமும்கூட. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெயர் நீக்கிய எண்ணிக்கையாகக் கேளுங்கள்: இந்தப் பிரிவில் எத்தனை பெர்மிட், பின்னுரித்தாளர் ஆணா பெண்ணா, எந்த ஆண்டு. தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல 14 வேலை நாள். மேன்முறையீடு வரை போனால் மாதக்கணக்காகும், முதல் மாதமே போடுங்கள்.

கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் திருகோணமலை உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் பார்க்க வேண்டியவை. கிழக்கு மாகாண அரசாங்க அதிபர் மட்டக்களப்பில் இருந்த காலத்துக்கு மட்டக்களப்புக் கோப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். போகுமுன் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள்: தம்பலகாமத்தைத் தம்பளகம் என்றும் தம்பலகமுவ என்றும் காண்பீர்கள். கொட்டியாரப்பற்று, கட்டுக்குளம்பற்று என்ற பழைய பிரிவுகள் இன்றைய எல்லைகளோடு ஒத்துப்போகா.

சங்கிலி66:

வரைபடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. இலங்கை வரைபடங்களில் இடத்தைக் குறிக்கும் எண் கட்டமைப்பு இரண்டு உண்டு. பழைய கண்டவெல கட்டமைப்பில் தொடக்க எண்கள் 200000, 200000. 1999 கட்டமைப்பில் 500000, 500000. இதைக் கலந்தால் காணி கடலுக்குள் போய்விடும், அது கண்ணுக்குத் தெரியும். ஆபத்தானது மற்றது: கண்டவெல அகலாங்கு நெட்டாங்கை ஜிபிஎஸ் எண் என்று நினைத்துப் போட்டால் சிறிய நகர்வு, ஆனால் வேலி அடுத்த வீட்டுக்காரர் பக்கம் விழப் போதுமானது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கண்டவெல கட்டமைப்புக்கு 5234, 1999 கட்டமைப்புக்கு 5235 என்ற குறியீட்டைத் தெரியுங்கள்.

பழைய ஓரங்குலத் தாள் 1:63,360. அதை வைத்து வளவு எல்லை பேச வேண்டாம், குளமும் பாதையும் பார்க்கலாம். வளவுக்கு நில அளவைத் திணைக்களப் படமே வேண்டும், படத்தின் இலக்கம் தெரிந்தால் வேலை பாதியாகும். சங்கிலியில் அளந்தது என்றால் 1 சங்கிலி 66 அடி. சனம் அவணம், மரைக்கால் என்று விதைப்பளவில் சொன்னால் சொன்னபடியே பதியுங்கள். அது மண்ணுக்கு மண் மாறும், ஏக்கராக்கினால் தகவல் செத்துவிடும்.

உப்பாறு:

நன்றி. தலைப்பைக் கைவிட்டோம். ஒரு சந்தேகம்: சம்பூரைக் களமாக எடுத்தால் தெரிவுக்குழுவின் கவனம் கிடைக்காதா?

வட்டவிதானை:

கிடைக்கும். ஆனால் சம்பூர்க் கதை 2006 இடப்பெயர்வு, அனல்மின் திட்டம், காணி விடுவிப்பு என்று போவது. உங்கள் கேள்வி சீதனமும் பெர்மிட்டும். பல தடவை பேட்டி கொடுத்துக் களைத்த சனத்திடம் வேறொரு கேள்வியோடு போய் நிற்பது சரியும் இல்லை.

வெருகல்கரை:

சம்பூர் விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், சீதனமாகப் போன காணி இடப்பெயர்வில் என்ன ஆனது என்பதும் இதே கேள்விதான். ஆனால் 12 மாதத்துக்குள் வேண்டாம்.

செலவுக்கு வருகிறேன். விடுபடுவது பேட்டி ஒலியைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. ஒரு மணி நேர ஒலிக்கு 6 மணி நேரம் வையுங்கள். ஒன்றரை மணி வீதம் 30 பேட்டி என்றால் 45 மணி, எழுத 270 மணி. ‘மாணவர்கள் செய்வார்கள்’ என்று எழுதினால் கூலி எங்கே என்று கேட்பார்கள். சிங்களக் கோப்புகளுக்கு மொழிபெயர்ப்புக் கூலி தனி வரியாக வேண்டும்.

நாட்காட்டியும் முக்கியம். பெரும்போக விதைப்பிலும் அறுவடையிலும் வயல்காரரைப் பிடிக்க முடியாது. மார்கழி, தையில் வெருகல் பக்கம் வெள்ளம் பாதையை மறித்துவிடும். அந்த மாதங்களைச் சுவடிகளுக்கு ஒதுக்குங்கள்.

ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்கும் பணத்தைப் பெறவும் ஒரு நிறுவனத்தின் பெயர் கேட்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம்தான், கலைப்பீடம் வந்தாறுமூலையில். ஆதரவுக் கடிதம் எங்கே கேட்பது என்று இன்றே முடிவெடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டுக் கிடைக்காது.

உறுதியைப் படமெடுத்தால் அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்து வரும். படமெடுக்காமல் தேவையான வரியை மட்டும் எழுதி வாருங்கள். வெளியிடும் வரைபடத்தில் வளவைப் புள்ளியாகக் காட்டவே வேண்டாம்: பெர்மிட் ஒருவர் பெயரில், குடியிருப்பது இன்னொருவர் என்று நீங்கள் காட்டும் படமே நாளைக்கு ஒரு வழக்கில் சான்றாகலாம். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் முதலில், ஒருவர் இடையில் விலகினால் அவர் எடுத்த பேட்டிகள் யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்து வைத்த பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.