1961 கட்டம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? (உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி)

லயத்துவீட்டு அம்மா, பத்தாங் பெர்ஜுந்தை:

எல்லாருக்கும் வணக்கம். ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன பள்ளி விடுமுறையில் அவள் சித்தப்பா சன்வே பிரமிட் பேரங்காடிக்கு அழைத்துப்போய் ஐஸ் ரிங்கில் இறக்கிவிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாளாம். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. இரண்டு பெரிய மாஜோங் பேப்பரை ஒட்டி, கோடு போட்டு, உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ஒவ்வொரு வருடமும் ஜெயித்தவர்களின் பெயரை எழுதி ஹால் சுவரில் மாட்டிவிட்டாள். ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு வரிசை. ஆசியாக்காரர்கள் பெயரெல்லாம் சிவப்பு மையில்.

இப்போது காலிக் கட்டங்கள்தான் பிரச்சினை. 1915 முதல் 1921 வரை, அப்புறம் 1940 முதல் 1946 வரை காலி. உலகப் போர் என்று நானே சொல்லிவிட்டேன். 2020 கோவிட், அது அவளுக்கே தெரியும். 1961-இல் என்ன போர்? அவள் அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டிவிட்டு ராத்திரி வந்தால் அவரிடமும் இதே கேள்வி.

இன்னொன்று. ஆண்கள் வரிசை 1896-இல் தொடங்குகிறது. பெண்கள் வரிசை ஏன் 1906-இல்தான் தொடங்குகிறது? "பத்து வருஷம் பொம்பளைப் பிள்ளைங்க எங்கம்மா போயிருந்தாங்க?" என்று கேட்கிறாள். வெறும் தேதி வேண்டாம். பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

தைப்பிங் அக்கா:

தங்கச்சி, 1961-இல் போட்டி பிராக் நகரத்தில் நடக்க வேண்டியது. அமெரிக்க அணி போன விமானம் விழுந்துவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. அதனால் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். நம் ஆலை அண்ணனுக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியும், அவர் வரட்டும்.

ஆலை ஃபோர்மன் (ஓய்வு):

அம்மா, பாப்பா கேட்டது நல்ல கேள்வி. உங்கள் பதிவை மத்தியானமே பார்த்துவிட்டேன். சாயங்காலம் உட்கார்ந்து பொறுமையாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

முதலில் பெண்கள் எங்கே போயிருந்தார்கள் என்பது. 1896-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் போட்டி. வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர், நால்வரும் ஆண்கள். ஜெர்மனியின் கில்பர்ட் ஃபூக்ஸ் ஜெயித்தார். பெண்கள் வரக்கூடாது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. வருவார்கள் என்று யாரும் நினைக்கவே இல்லை, அதனால் எழுதவில்லை. 1902-இல் போட்டி லண்டனுக்கு வந்தபோது மேட்ஜ் சையர்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் பெயர் கொடுத்துவிட்டார். தடுக்க விதி இல்லை. ஆண்களோடு ஆடி இரண்டாம் இடம் வாங்கினார். அவரை முந்தியவர் சுவீடனின் உல்ரிக் சால்கோ ஒருவர்தான். பத்து முறை உலகப் பட்டம் வாங்கிய ஆள் அவர். இன்றைக்கும் டிவியில் ஒரு தாவலை "டிரிபிள் சால்கோ" என்று சொல்கிறார்களே, அது அவர் பெயர்.

அதற்கு அடுத்த வருடமே போட்டியை நடத்தும் உலக ஸ்கேட்டிங் சங்கம் கூடிப் பெண்களுக்குத் தடை போட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, நீளப் பாவாடை காலை மறைக்கிறது, நடுவர்களால் பார்த்து மதிப்பெண் போட முடியவில்லை என்பது. காலே தெரியாதபோது இரண்டாம் இடம் எப்படிக் கொடுத்தார்கள் என்று பாப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். கடைசியில் பெண்களுக்குத் தனிப் போட்டி வைக்க ஒப்புக்கொண்டார்கள். 1906-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அது நடந்தது. ஜெயித்தது அதே மேட்ஜ் சையர்ஸ். 1907-இலும் அவரேதான். ஆக, பாப்பா கேட்ட பத்து வருடத்தில் ஒரு பெண் நடுவில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அவள் தாளில் முதலிடம் மட்டும் இருப்பதால் அவர் பெயர் அங்கே வரவில்லை.

இப்போது 1961. இதைச் சொல்லும்போது பாப்பா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 15. நியூயார்க்கிலிருந்து பிரசல்ஸ் போன, பெல்ஜியத்தின் சபேனா நிறுவன விமானம், போயிங் 707. அங்கே இறங்கி பிராக்குக்கு மாறிப் போக வேண்டும். பிரசல்ஸில் இறங்கப்போகும் நேரத்தில் பெர்க் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த 72 பேரும் இறந்தார்கள். அதில் ஆட்டக்காரர்கள் மட்டும் 18 பேர். பயிற்சியாளர்கள், நடுவர்கள், கூடப்போன பெற்றோர், உடன்பிறந்தவர்களும் உண்டு. லாரன்ஸ் ஓவன் என்ற 16 வயதுப் பெண், அந்த வாரம்தான் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் அவள் படம் வந்திருந்தது. அவளுடைய அக்காவும் அதே விமானத்தில். இருவருக்கும் பயிற்சி கொடுத்த அம்மாவும் அதே விமானத்தில்.

இறந்தவர்கள் 73 என்று சில இடத்தில் பார்ப்பீர்கள். அது தப்பு இல்லை. வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு விவசாயி கீழே நின்றவர், அவர்மேல் விமானத்தின் துண்டு விழுந்துவிட்டது. நான் தோட்டத்தில் பிறந்தவன். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் அந்த லயம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஐஸ் ஆட்டம் என்றால் என்ன என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. இந்தப் போட்டியின் சரித்திரத்தைப் பேசும்போது நான் அவரை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

பிராக் நகரத்துக்கு அந்தப் போட்டி ஒரு வருடம் தள்ளி, 1962-இல் கிடைத்தது. அங்கே ஜோடிப் பிரிவில் ஜெயித்தவர்கள் கனடாவின் மரியா யெலினெக், ஓட்டோ யெலினெக், அக்கா தம்பி... இல்லை, அண்ணன் தங்கை. திருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் பிறந்ததே பிராக்கில்தான். சிறு வயதில் குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடியவர்கள். பிறந்த ஊருக்குத் திரும்பிவந்து வேறு நாட்டுக்காக ஜெயித்தார்கள். அதே போட்டியில்தான் கனடாவின் டொனால்ட் ஜாக்சன் டிரிபிள் லட்ஸ் என்ற மூன்று சுற்றுத் தாவலைத் தாவினார். உலகப் போட்டியில் அதுதான் முதல் தடவை.

பாப்பா தாளில் 1994 ஜோடிக் கட்டத்தைப் பாருங்கள். ஷிஷ்கோவா, நௌமோவ் என்று இருக்கும். ரஷ்யக் கணவன் மனைவி, பிறகு அமெரிக்காவில் பயிற்சியாளர்கள் ஆனார்கள். 2025 ஜனவரி 29, வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்களே, அந்த விமானத்தில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப்பைச் சேர்ந்தவர்கள். 1961-இலும் அந்தக் கிளப் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. இரண்டு மாதம் கழித்து உலகப் போட்டி அதே பாஸ்டனில். இந்தத் தடவை நிறுத்தவில்லை, நடத்தினார்கள். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் 1961-இல் நிறுத்தியதும் சரிதான். 18 பேர் இல்லாமல் அன்றைக்கு யார் ஆடுவது, யார் பார்ப்பது?

லயத்துவீட்டு அம்மா:

ஐயா, வாசித்துக் காட்டினேன். விவசாயி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டாள். உங்களுக்கு இதெல்லாம் எப்படி ஐயா தெரியும்? நம் ஊரில் ஐஸ் என்றால் கிண்ணத்தில் சாப்பிடும் ஐஸ் கச்சாங்தானே.

ஆலை ஃபோர்மன் (ஓய்வு):

என் தங்கை மூலமாகத்தான் அம்மா. அவள் நர்ஸ் வேலைக்கு கனடா போனவள், ஓட்டாவாவில் இருந்தாள். 1984-இல் உலகப் போட்டி அங்கே நடந்தது. கூட வேலை செய்தவர் டிக்கெட் கொடுத்திருக்கிறார், போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எட்டுப் பக்கம் கடிதம். தொலைக்காட்சியில் வந்ததைப் பதிவு செய்து ஒரு வீடியோ கேசட்டும் அனுப்பினாள். மண்டபத்தில் போட்டுப் பார்த்தோம், படம் உருண்டுகொண்டே இருந்தது, கலரும் இல்லை. கனடாவின் டிவி முறை என்டிஎஸ்சி (NTSC), நம்முடையது பால் (PAL), ஒன்றின் கேசட் மற்றதில் ஒழுங்காக ஓடாது. அப்போது எனக்கு அது தெரியாது, மெஷினைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பல வருடம் கழித்து கோலாலம்பூரில் காசு கொடுத்து மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

அதில் ஐஸ் டான்ஸ் ஆடியவர்கள் இங்கிலாந்தின் டோர்வில், டீன் ஜோடி. அப்போதெல்லாம் முழு மதிப்பெண் 6.0. அந்த ஒரு போட்டியில் அவர்களுக்கு 29 தடவை 6.0 விழுந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அவர்களுடைய தொடக்கம். விதிப்படி ஆட்டம் 4 நிமிடம் 10 விநாடிக்குமேல் போகக்கூடாது. அவர்கள் வைத்திருந்த இசையோ 4 நிமிடம் 28 விநாடி. பூட்ஸின் அடியில் இருக்கும் கத்தி ஐஸைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடும். அதனால் முதல் 18 விநாடியும் முழங்காலில் நின்றே ஆடினார்கள். பார்ப்பவனுக்கு அது நடனம். ஆலையில் மோட்டாரோடு மல்லுக்கட்டிய எனக்கு, கணக்குப் போட்டு வேலை செய்பவனின் கைத்திறன் அது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம் என்னை விடவில்லை.

இன்னொன்றையும் பாப்பாவிடம் சொல்லுங்கள். "ஃபிகர்" என்ற பெயர் வந்ததே ஐஸில் வரையும் உருவத்திலிருந்துதான். ஒற்றைக்காலில் எட்டுப் போட வேண்டும், அதே கோட்டின்மேல் மூன்று முறை போக வேண்டும், கோடு விலகக்கூடாது. நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். ரொம்ப காலம் மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு அதற்குத்தான். டிவி வந்த பிறகு, தாவலில் அசத்திய பெண் ஏன் தோற்றாள் என்று ஜனங்களுக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1990 போட்டியோடு எடுத்துவிட்டார்கள்.

தைப்பிங் அக்கா:

அந்தச் சிவப்பு மை விஷயத்துக்கு வருகிறேன். முதல் சிவப்புப் பெயர் 1989, ஜப்பானின் மிடோரி இட்டோவாக இருக்க வேண்டும், பாரிஸ் போட்டி. ஆண்களில் 2010, அதே ஜப்பானின் டைசுகே தக்காஹாஷி. சரியா என்று பார்க்கச் சொல்.

ஜூலியன் யீ பெயரை எங்காவது எழுதச் சொல் தங்கச்சி. பட்டம் வாங்கவில்லை, அதனால் கட்டத்தில் வரமாட்டார். உன் மகள் சுவரைப் பிடித்து நின்றாளே, அதே சன்வே பிரமிடில் பயிற்சி செய்த பையன். விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவில் வளைந்து வளைந்து போய்ப் பழக வேண்டும், அப்புறம்தான் கனடா போனார். 2017-இல் ஹெல்சிங்கி உலகப் போட்டியில் முதல் 24 பேருக்குள் வந்து இறுதி ஆட்டம் ஆடினார். 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவிலிருந்து முதல் ஸ்கேட்டர்.

அடுத்த தடவை போகும்போது கணுக்காலுக்குமேல் வரும் தடித்த காலுறை போட்டுவிடு. வாடகைப் பூட்ஸ் தோலை உரித்துவிடும், என் மகள் இரண்டு நாள் நொண்டினாள்.

லயத்துவீட்டு அம்மா:

அக்கா, இட்டோவும் தக்காஹாஷியும் சரி. ஜூலியன் யீக்குத் தாளின் கீழே தனியாகக் கோடு போட்டாயிற்று.

1961 கட்டத்தில் "பெர்க்" என்று எழுதி, பக்கத்தில் 73 என்று போட்டிருக்கிறாள். 1902-ஆம் ஆண்டுக்கு நேரே பெண்கள் வரிசையில் "மேட்ஜ் சையர்ஸ் (2)" என்று பென்சிலில் இருக்கிறது. முதலிடம் மட்டும்தானே எழுதுகிறாய் என்று கேட்டேன். இதற்கு மட்டும் விதி மாற்றியாயிற்று என்றாள்.

ஐயா, அந்தக் கேசட் இன்னும் ஓடுமா? ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

ஆலை ஃபோர்மன் (ஓய்வு):

ஓடும். வாங்கம்மா. மெஷின் கொஞ்ச நாளாக நாடாவை இழுக்கிறது, சனிக்கிழமை திறந்து துடைத்து வைக்கிறேன். அந்தக் கடிதமும் இருக்கிறது, எட்டுப் பக்கமும். 2026 மார்ச்சில் போட்டி மறுபடி பிராக்கில்தான். பாப்பாவிடம் சொல்லுங்கள், தாளில் அடுத்த வரிசைக்கு இடம் விட்டு வைக்கட்டும்.