மேன் பேஜ் எழுத மேன் மேக்ரோவா, எம்டாக்கா?

கேள்வி:
சின்ன கமாண்ட் லைன் டூலுக்கு மேன் பேஜ் (யூனிக்ஸ்ல ஒரு கமாண்டுக்கான உதவிப் பக்கம்) எழுதுறேன். மேன், எம்டாக்னு ரெண்டு மேக்ரோ தொகுப்பு (பக்கத்தை வடிவமைக்க எழுதுற குறியீடுகள்) இருக்கே, எது நல்லது? அப்புறம் புள்ளியில ஆரம்பிக்கிற ஒரு லைன் அவுட்புட்ல வரவே மாட்டேங்குது, ஏன்?

பதில் 1:
எம்டாக்தான். மேன் மேக்ரோவுல போல்டு, இட்டாலிக்னு பெரும்பாலும் தோற்றத்தைத்தான் சொல்றோம், எம்டாக்ல 'எஃப்எல்'னா ஆப்ஷன், 'ஏஆர்'னா ஆர்குமெண்ட், 'எக்ஸ்ஆர்'னா வேற மேன் பேஜைக் காட்டுறது, ஆப்ஷனுக்கு முன்னாடி வர்ற ஹைஃபனைக்கூட அதுவே போட்டுக்கும், மேண்டாக்கோட (மேன் பேஜை வடிவமைச்சுக் காட்டுற டூல்) அப்ரோபோஸ்ங்கிற தேடுற கமாண்ட்ல ஒரு என்விரான்மெண்ட் வேரியபிள் (ப்ரோகிராமுக்கு வெளியிலேர்ந்து குடுக்குற செட்டிங்) எந்தெந்த பேஜ்ல வருதுன்னுகூட தேடலாம், இது ரொம்ப பெரிய வசதிங்க.

பதில் 2:
லைன் ஆரம்பத்துல புள்ளி வந்தா அதை மேக்ரோன்னு எடுத்துக்கும், பேர் தெரியலன்னா அப்படியே விட்டுடும். புள்ளிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ், ஆம்பர்சண்ட் ரெண்டும் சேர்த்துப் போடுங்க. கடைசியா மேண்டாக்ல லின்ட் (தப்பு இருக்கான்னு பாக்குற சோதனை) ஓட்டுங்க, இந்த மாதிரி தப்பை லைன் நம்பரோட காட்டிடும்.

கேட்டவர்:
போட்டதும் லைன் வந்துடுச்சு, நன்றி! முழுசா எம்டாக்குக்கே மாத்திடுறேன்.