கட்டணம் குறைந்த வழியில் அனுப்பும் பணம் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: திருப்பரங்குன்றம் மாணவர்

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக, பிட்காயினின் லைட்னிங் நெட்வொர்க்கைப் போன்ற பேமெண்ட் சேனல் வலைப்பின்னல் ஒன்றைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டு நோடுகள் (வலைப்பின்னலில் இணைந்த கணினிகள்) தமக்கிடையே பணம் போட்டுத் திறப்பதே சேனல்; பணம் அனுப்பும்போது அந்த இருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். நேரடிச் சேனல் இல்லாதவருக்கு, இடையிலுள்ள நோடுகள் வழியாகக் கட்டணம் கொடுத்து அனுப்ப வேண்டும். டைக்ஸ்ட்ரா முறையில் (எடைகளின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த பாதையைத் தேடும் முறை) கட்டணம் மிகக் குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறேன். சில ஆயிரம் சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) எளிதில் போய்ச் சேர்கிறது. 5 லட்சம் சடோஷி அனுப்பினாலோ, இடையில் ஏதாவதொரு நோடு கையை விரித்துவிடுகிறது. சேனலின் எந்தப் பக்கம் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதை எல்லா நோடுகளுக்கும் அறிவித்துவிட்டால் சரியாகிவிடாதா?

மறுமொழி: திருநகர் வாசகர்

தம்பி, ஒவ்வொரு பரிமாற்றமும் தான் கடக்கும் சேனல்களின் இருப்பையெல்லாம் மாற்றிவிடுவதால், நீங்கள் சொல்லும் அறிவிப்பு போய்ச் சேர்வதற்குள் பழசாகிவிடும். அதோடு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை இருப்பின் அசைவை வைத்தே பிறர் ஊகித்துவிடலாம். அதனால்தான் லைட்னிங்கில் சேனலின் மொத்தக் கொள்ளளவு மட்டும் வெளியே தெரிகிறது.

இருப்பு தெரியாவிட்டாலும் வாய்ப்பைக் கணக்கிடலாம். 10 லட்சம் கொள்ளளவுள்ள சேனலில் இருப்பு எந்த அளவிலும் சமவாய்ப்புடன் இருக்கலாம் என்று கொண்டால், 5 லட்சம் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. அத்தகைய 3 சேனல்கள் வரிசையாக வந்தால் எட்டில் ஒரு பங்குதான். கொள்ளளவு 50 லட்சமாக இருந்தால், மூன்றையும் கடக்கும் வாய்ப்பு 0.73. ஆகவே கட்டணத்தோடு, வாய்ப்பின் மடக்கையையும் குறி மாற்றிக் கூட்டி எடையாகக் கொடுத்துப் பாருங்கள். 2021இல் ஆய்வாளர்கள் ரெனே பிக்ஹார்ட்டும் ஸ்டெஃபான் ரிக்டரும் இதையே விரித்து, பணத்தைப் பல வழிகளில் பிரித்து அனுப்பும் கணக்காக ஆக்கினார்கள். (பிரிக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அடிப்படைக் கட்டணம் தனியாக விழும், அதை மறந்துவிட வேண்டாம்.)

தோல்வியையும் வீணாக்காதீர்கள். மூன்றாவது சேனலில் 5 லட்சம் நின்றுபோனால், அங்கே அவ்வளவு இல்லை என்பதோடு, முதல் இரண்டிலும் அவ்வளவு இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

கேட்டவர்

நன்றி ஐயா. எடையை மாற்றி, 5 பாகங்களாகப் பிரித்ததும் பெரும்பாலானவை சேர்ந்துவிட்டன. ஆனால் நெடுநேரம் ஓட்டினால் மறுபடியும் தோல்விகள் கூடுகின்றன.

மறுமொழி: கீழமாசி வீதி மண்டிக்காரர்

உங்கள் மாதிரியில் பணம் ஒரே திசையில் ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கள் மண்டிக்கும் பக்கத்துக் கடைக்கும் பற்றுவரவு உண்டு: காலையில் அவர்கள் 2 மூட்டை துவரம்பருப்பு எடுப்பார்கள், மாலையில் நாங்கள் மிளகாய் எடுப்போம், நோட்டில் கழித்துக்கொள்வோம். ஒரு தரப்பே எடுத்துக்கொண்டிருந்தால் நோட்டு நிறைந்துவிடும், ரொக்கம் கேட்க வேண்டியதுதான். சேனலும் அப்படித்தான், எல்லாரும் வாங்கும் கடைக்குச் செல்லும் சேனலில் கடையின் பக்கமே இருப்பு முழுதும் குவிந்துவிடும். வறண்ட திசையில் கட்டணத்தை உயர்த்தலாம், நோடு தனக்குத்தானே வட்டமாகப் பணம் அனுப்பி இருப்பைச் சமன் செய்யலாம். ஆனால் திரும்பி வரும் ஓட்டமே இல்லாத இடத்தில் எந்த வழித்தேடலும் உதவாது, பிளாக்செயினில் (பிட்காயினின் பொதுப் பதிவேட்டில்) புதிதாகப் பணம் போட்டுச் சேனல் திறக்கத்தான் வேண்டும். உங்கள் மாதிரியில் கடைக்காரர் நோடுகள் யாருக்காவது பணம் கொடுக்கின்றனவா?

கேட்டவர்

இல்லை ஐயா, அவை வாங்க மட்டுமே செய்கின்றன. கொள்முதலையும் கூலியையும் சேர்த்து மறுபடி ஓட்டுகிறேன்.